மழை படாத பக்கம்

திருப்புல்லாணியில் மாடி கட்டிய வீடுகள் பலவற்றுக்குப் படிக்கட்டு வெளியே இருக்கிறது. வீட்டுச் சுவரை ஒட்டி ஏறி, பாதி உயரத்தில் ஒரு லேண்டிங்கில் திரும்பி, மொட்டை மாடியில் போய் முடிகிறது. உள்ளே ஓர் அறையளவு இடம் மிச்சமாகும். மாடியைத் தனியாக வாடகைக்கு விடலாம். வற்றல், வடாம் காயப்போட வீட்டுக்குள் புகுந்து போக வேண்டியதில்லை. காரணங்கள் நியாயமானவை. ஆனால் நாலைந்து கிலோமீட்டரில் சேதுக்கரைக் கடல். நடுவில் காற்றைத் தடுக்க மலை கிடையாது. பனையும் சீமைக் கருவேலமும்தான். ஆனி, ஆடிக் காற்று தூக்கிவரும் உப்பை முதலில் வாங்கிக்கொள்வது, கூரையில்லாமல் வெளியே நிற்கும் இந்தப் படிக்கட்டுதான்.

பத்துப் பதினைந்து வருடத்தில் படிகளின் முனை உதிரத் தொடங்கும். பூச்சு பொரிந்து வெள்ளையாக உப்புப் பூக்கும். கைப்பிடிக் கம்பியின் கால்களைத் துரு தின்றிருக்கும். வீட்டில் கல்யாணம் பேசும்போதோ மாடியில் இன்னோர் அறை எடுக்கும்போதோ, "படிக்கட்டையும் நல்லா பண்ணிடலாம்" என்ற பேச்சு வரும். அன்றைக்கே ராமநாதபுரத்து டைல்ஸ் கடைக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். கிரானைட்டா, டைல்ஸா, ஸ்டீல் கைப்பிடியா, கண்ணாடியா என்று பேச்சு முழுக்க மேல்பக்கத்தைப் பற்றியே இருக்கும். படிக்கட்டைப் புதுப்பிக்க நினைக்கும் யாரிடமும் நான் முதலில் சொல்வது வேறு. படிக்கட்டுக்கு அடியில் போங்கள். அங்கே அடைந்து கிடக்கும் சைக்கிளையும் விறகையும் வெளியே எடுங்கள். பிறகு அண்ணாந்து பாருங்கள்.

கான்கிரீட் படிக்கட்டு என்பது சாய்வாக வார்த்த ஒரு பலகை. கனம் ஐந்து, ஆறு அங்குலம். அதன் முதுகில் முக்கோணம் முக்கோணமாகப் படிகள் உட்கார்ந்திருக்கின்றன. ஆள் ஏறும்போது இந்தப் பலகை கண்ணுக்குத் தெரியாத அளவு கீழே வளைகிறது. வளையும்போது மேல்பக்கம் நெருக்கப்படும், அடிப்பக்கம் இழுபடும். கான்கிரீட் நெருக்குதலை நன்றாகத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. அதனால்தான் பாரம் தாங்கும் முக்கியக் கம்பிகளைக் கம்பி கட்டுபவர் பலகையின் அடிப்பக்கத்தில் போடுகிறார். நாம் மிதிக்கும் படியின் முனை உடைந்தால் பார்க்க அசிங்கமாக இருக்கும், கால் இடறும், படிக்கட்டு விழுந்துவிடாது. அடிக்கம்பி போனால் படிக்கட்டே போயிற்று. அடியில் நின்று அண்ணாந்து பார்க்கும்போது அந்தக் கம்பிக்கும் உங்களுக்கும் நடுவே இருப்பது பெரும்பாலும் இரண்டு சென்டிமீட்டர் கான்கிரீட்டும் ஒரு மெல்லிய பூச்சும்தான்.

உள்நாட்டில், நனையாத இடத்தில் அந்த இரண்டு சென்டிமீட்டர் போதும். கடலோரத்துக்குப் போதாது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 456 விதிநூல், 2000-ஆம் ஆண்டுப் பதிப்பில், கடலோரக் காற்றுக்குத் திறந்து நிற்கும் கான்கிரீட்டைக் 'கடுமையான சூழல்' என்ற வகையில் வைக்கிறது. கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கான்கிரீட் இருக்க வேண்டும், கலவை குறைந்தது எம் 30 தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. 20 எங்கே, 45 எங்கே! இரண்டு மடங்குக்குச் சற்று அதிகம்தானே என்று தோன்றலாம். ஆனால் உப்பும் கரியமில வாயுவும் கான்கிரீட்டுக்குள் ஊடுருவும் ஆழம், ஏறக்குறைய காலத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்து வளர்கிறது. பத்து வருடத்தில் ஒரு சென்டிமீட்டர் போனது, இரண்டாவது சென்டிமீட்டரை எட்ட நாற்பதாவது வருடம் வரை ஆகும். அந்தக் கணக்கில் 20 மில்லிமீட்டரை 45 ஆக்கினால் உப்பு கம்பியைத் தொட ஐந்து மடங்கு காலம் பிடிக்கும். சென்ட்ரிங் பலகைமேல் கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக்குக்குக் கடைக்காரர் வாங்குவது சில ரூபாய்.

உப்பு தொட்டால் என்ன ஆகிறது? கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் காற்று புகாதது என்று பலர் நினைக்கிறார்கள். காற்றும் ஈரமும் புகத்தான் செய்கின்றன. காப்பாற்றுவது காரத்தன்மை. சிமெண்ட் இறுகும்போது உண்டாகும் சுண்ணாம்பு, நுண்துளைகளில் உள்ள நீரைக் கடும் காரமாக்கி வைத்திருக்கிறது, பிஎச் 12.5-க்கு மேல். அந்தக் காரத்தில் இரும்பின்மேல் சில நானோமீட்டர் கனத்தில் ஓர் ஆக்சைடு படலம் படிகிறது. அது கெட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கும்வரை இரும்புக்கு ஒன்றும் ஆகாது. காற்றிலுள்ள கரியமில வாயு அந்தச் சுண்ணாம்பைச் சுண்ணக்கல்லாக்கிக் காரத்தைக் குறைக்கும். அது ஒரு வழி. கடல் உப்பிலுள்ள குளோரைடு காரம் குறையும்வரை காத்திருக்காது. படலத்தை ஊசி குத்தியதுபோல் அங்கங்கே உடைக்கும். உடைந்த இடத்தில் இரும்பு கரையும். இதில் கொடுமை என்னவென்றால், குளோரைடு செலவாவதில்லை. இரும்போடு சேர்ந்து கரைத்து வெளியே கொண்டுவந்து, துருவாக விட்டுவிட்டு, மறுபடி விடுபட்டு அடுத்த இரும்பைப் பிடிக்கிறது. துருவுக்குத் தேவைப்படும் இடம் மூல இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை. கோபுரத்து இடுக்கில் வேர்விட்ட ஆலஞ்செடி கல்லைப் பிளப்பதுபோல, துரு உள்ளிருந்து தள்ளி அந்த இரண்டு சென்டிமீட்டரைப் பிளந்துவிடுகிறது.

இந்தப் பக்கத்தில் உப்பு காற்றில் மட்டும் வருவதில்லை. கட்டும் அன்றைக்கே குடத்தில் வருகிறது. ராமநாதபுரம் மாவட்டத்தின் நிலத்தடி நீர் பல ஊர்களில் உவர்ப்பு என்பது இங்கே சமைக்கிற ஒவ்வொருவருக்கும் தெரியும். குடிக்க விலைக்கு வாங்குவோம். கலவைக்குப் போர்த் தண்ணீரை விடுவோம். ஒரு வீட்டுப் படிக்கட்டுக்கு ஏறக்குறைய ஒரு கன மீட்டர் கான்கிரீட் பிடிக்கும். அதற்குக் கலவைத் தண்ணீர் சுமார் 180 லிட்டர், அதாவது பன்னிரண்டு குடம். கம்பி போட்ட கான்கிரீட்டில் கன மீட்டருக்கு 0.6 கிலோவுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்பது விதி. தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. நல்ல தண்ணீரில் கலந்தால் சேரும் குளோரைடு அதிகபட்சம் 90 கிராம். லிட்டருக்கு 3,500 மில்லிகிராம் உள்ள உவர் நீரில் கலந்தால் 630 கிராம். மணலிலும் சிமெண்டிலும் இருப்பதைக் கணக்கில் எடுக்கும் முன்பே வரம்பு தாண்டியாயிற்று. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 19,000 மில்லிகிராம் இருக்கிறது. நாக்குக்கு உப்பு தெரியத் தொடங்குவது 250 வாக்கில். ஆகவே வாயில் வைத்ததும் நன்றாகக் கரிக்கிற தண்ணீரைக் கலவையில் ஊற்றாதீர்கள். பன்னிரண்டு குடம் நல்ல தண்ணீருக்குக் கணக்குப் பார்க்கிற வீட்டில், அதே படிக்கட்டின் டைல்ஸுக்குப் பல ஆயிரம் செலவழிப்பதைப் பார்த்து எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

இனி, ஏன் அடிப்பக்கம்? வெயிலும் மழையும் நேரே அடிப்பது மேல்பக்கத்தில்தானே, அதுதானே முதலில் கெட வேண்டும்? கடலோரத்தில் நடப்பது நேர்மாறு. மேலே விழுந்த உப்பை ஐப்பசி, கார்த்திகை மழை கழுவிவிடுகிறது. வெயில் ஈரத்தை உலர்த்திவிடுகிறது. அடிப்பக்கத்துக்குக் காற்று உப்பைக் கொண்டுவருகிறது. கழுவ மழை வருவதில்லை, காயவைக்க வெயில் வருவதில்லை. வருடா வருடம் உப்பு சேர்ந்துகொண்டே போகும். உப்பு தானாக ஈரத்தை இழுக்கும். சாப்பாட்டு உப்பான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் நீராகக் கசிகிறது. கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். இந்தக் கடற்கரையில் ஈரப்பதம் அவ்வளவு கீழே இறங்கும் நேரம் மிகக் குறைவு. ஒரு துளி மழை படாமலே படிக்கட்டின் அடிப்பக்கம் பெரும்பாலான நேரம் உப்பு நீரில் நனைந்திருக்கிறது. கண்ணுக்கு உலர்ந்த மாதிரி இருக்கும்.

இதை நம் பக்கத்தில் யாரும் ஆய்வுக்கூடத்தில் போய்த் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. பாம்பன் பாலம் இருக்கிறது. 1914-இல் திறந்த பழைய ரயில் பாலம் உலகிலேயே மிகக் கடுமையாக அரிக்கும் கடற்சூழல்களில் ஒன்றில் நின்றது. பெயிண்ட் அடித்தும் பாகங்களை மாற்றியும் நூறு வருடத்துக்கு மேல் ஓட்டினார்கள். கடைசியில் அரிப்பின் காரணமாக 2022 டிசம்பரில் ரயில்களை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலத்தில் கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டு, எஃகுப் பாகங்களுக்குப் பாலிசிலாக்சேன் பூச்சு கொடுத்திருக்கிறார்கள். காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமும் இந்தக் கடலோடு சம்பந்தப்பட்டதுதான். அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறந்த நிறுவனம் அது. மண்டபத்தில் உலோகத் துண்டுகளையும் கான்கிரீட்டையும் கடற்காற்றில் வைத்து, எவ்வளவு வேகமாக அரிக்கிறது என்று அங்குள்ளவர்கள் பல பத்தாண்டுகளாக அளந்து வருகிறார்கள். உலகத்துக்கே பயன்படும் அந்த அறிவு, பக்கத்தில் வீடு கட்டுகிற மேஸ்திரியிடம் இன்னும் சரியாக வந்து சேரவில்லை என்பது என் ஆதங்கம்.

சோதிக்கப் பெரிய கருவி வேண்டாம். ஒரு சின்னச் சுத்தியல் போதும். தெரிந்தவர் வீட்டில் ஒரு கொத்தனார் படிக்கட்டின் அடியில் குந்தியபடி, ஒவ்வொரு சாணுக்கும் ஒரு தட்டு தட்டிக்கொண்டே போனார். டக், டக் என்று கெட்டியாக வந்த சத்தம், லேண்டிங்குக்குக் கீழே வந்ததும் பொத்தென்று மாறியது. "இங்கன வாங்கக்கா, சத்தத்தைக் கேளுங்க. உள்ள வெத்தா இருக்கு" என்றார் அந்த வீட்டம்மாவிடம். உளியை வைத்து லேசாக நெம்பியதும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சில்லு கையோடு வந்தது. வெளிப்பக்கம் போன பொங்கலுக்கு அடித்த வெள்ளை. ஒரு விரிசல்கூடத் தெரியவில்லை. உள்பக்கம் கம்பியின் தடம் செம்பழுப்பாக அச்சு விழுந்திருந்தது. கம்பியில் துரு அடுக்கடுக்காக எழும்பியிருந்தது. கம்பி பிரஷ்ஷால் சுரண்டியபோது, டிஎம்டி கம்பிக்கு இருக்கும் வரிவரியான முறுக்கே அந்த இடத்தில் காணோம். பத்து மில்லிமீட்டர் கம்பி எட்டாகியிருந்தது. இரண்டு மில்லிமீட்டர்தானே என்று விட முடியாது. விட்டம் பத்திலிருந்து எட்டானால் கம்பியின் குறுக்குவெட்டு 36 சதவீதம் குறைந்துவிடும்.

உடைத்த இடத்தில் பினாஃப்தலின் கரைசலைத் தெளித்துப் பார்ப்பது இன்னொரு எளிய சோதனை. பள்ளிக்கூட ஆய்வகத்தில் இருப்பதுதான். காரம் மிச்சம் இருக்கும் கான்கிரீட் இளஞ்சிவப்பாகும். நிறம் மாறாத ஆழம்வரை கரியமில வாயு தின்றுவிட்டது என்று பொருள். முழுக்கச் சிவந்த கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்திருந்தால் குற்றவாளி உப்பு.

இப்போது வழக்கமாக என்ன செய்கிறார்கள்? விழுந்த இடத்தில் சிமெண்ட் பூசி, வெள்ளை அடித்துவிடுகிறார்கள். இரண்டு மூன்று வருடத்தில் பூசிய இடம் நன்றாக இருக்கும், அதைச் சுற்றி வளையமாக வெடிக்கும். கொத்தனார் சரியாகப் பூசவில்லை என்று ஏசுவார்கள். அவர்மேல் குற்றமில்லை. துருப்பிடித்தல் ஒரு மின்வேதி நிகழ்வு. கம்பியில் ஓரிடம் கரையும்போது, அங்கிருந்து எலெக்ட்ரான்கள் பக்கத்து இடங்களுக்கு ஓடி அவற்றைக் கரையாமல் காக்கின்றன. கரைகிற இடம் ஒருவகையில் பக்கத்து இரும்புக்காகத் தன்னைப் பலி கொடுத்துக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தை மட்டும் சுத்தம் செய்து, உப்பில்லாத புதுச் சிமெண்டால் மூடிவிட்டால் பலி நின்றுவிடும். ஆனால் சுற்றிலும் பழைய கான்கிரீட்டில் உப்பு அப்படியே இருக்கிறது. இதுவரை காக்கப்பட்ட பக்கத்து இரும்பு இப்போது கரையத் தொடங்குகிறது.

ஆகவே ஒட்டுப் போடுவதென்றால் முறையாகப் போட வேண்டும். முதலில் படிக்கட்டின் அடியில் முட்டுக் கொடுக்க வேண்டும். முட்டு இல்லாமல் கம்பியைத் திறப்பது உயிருக்கே ஆபத்து. பளபளவென்று நல்ல இரும்பு தெரிகிற இடம்வரை கம்பி நெடுகக் கொத்திக்கொண்டே போக வேண்டும். கம்பிக்குப் பின்னாலும் விரல் நுழையும் அளவுக்குக் கான்கிரீட்டை எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் உப்பு முதுகுப் பக்கத்தில் ஒளிந்துகொள்ளும். துருவைச் சுரண்டி, நல்ல தண்ணீரால் அலசி, மெலிந்த கம்பிக்குத் துணைக்கம்பி கட்டி, துத்தநாகம் செறிந்த பிரைமரோ காரைக்குடி நிறுவனம் உருவாக்கிய தடுப்பான் கலந்த சிமெண்ட் குழம்புப் பூச்சு போன்ற ஒன்றோ கொடுத்து, பாலிமர் கலந்த காரையால் நிரப்ப வேண்டும். ஓரங்களில் துத்தநாக வில்லைகளைக் கம்பியோடு கட்டிப் புதைப்பதும் உண்டு; இரும்புக்குப் பதில் துத்தநாகம் கரையும். ஆனால் தட்டிப் பார்த்ததில் பாதிக்கு மேல் பொத்தென்று சத்தம் வந்தாலோ, கட்டும்போதே உவர் நீர் விட்டது தெரிந்தாலோ, ஒட்டுப் போடாதீர்கள். இடித்துவிட்டுப் புதிதாக வார்த்துவிடுங்கள். ஒரு கன மீட்டர் கான்கிரீட்தான். கெட்ட படிக்கட்டின்மேல் ஒட்டுகிற கிரானைட் அதன் பாரத்தைக் கூட்டுவதைத் தவிர வேறொன்றும் செய்யாது.

பழைய காலத்துப் படிகள் எப்படி நிற்கின்றன என்று கேட்பார்கள். திருப்புல்லாணிக் கோயில் குளத்துப் படிகளும் இதே காற்றில்தான் கிடக்கின்றன. அவற்றுள் இரும்பு கிடையாது. கல் மேல் கல்லாக உட்கார்ந்து நெருக்குதலை மட்டுமே தாங்குகின்றன. இழுப்பு இல்லாத இடத்தில் கம்பிக்கு வேலையில்லை, கம்பி இல்லாத இடத்தில் உப்பு பிளப்பதற்கும் ஒன்றுமில்லை. இடமிருந்தால், தரையிலிருந்து லேண்டிங்வரை உள்ள பாதியையாவது திடமான கல் கட்டடமாக எடுப்பது இன்றைக்கும் நல்ல யோசனை. பழைய சுண்ணாம்புக்குப் போக வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். இந்தக் கரையில் ஒரு காலத்தில் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வெட்டினார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் கடலுக்குள் மூழ்கியதற்கு அதுவும் காரணம். இன்று பவளம் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிரினம்.

அடிப்பக்கம் சரியான பிறகு மேலே வரலாம். மேலே வந்ததும் டைல்ஸின் நிறத்துக்கு முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது: எல்லாப் படியும் ஒரே உயரமா?

பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் பிரான்சுவா புளோந்தெல் 1675-இல் ஒரு கணக்குச் சொன்னார். சமதரையில் ஒருவர் எடுத்து வைக்கும் அடி 24 பிரெஞ்சு அங்குலம். ஏணியில் நேரே ஏறும்போது ஒரு கம்புக்கும் அடுத்ததற்கும் 12 அங்குலம். அப்படியானால் ஏறும் ஒவ்வோர் அங்குலமும் நடக்கும் இரண்டு அங்குலத்துக்குச் சமம். எனவே படியின் உயரத்தை இரட்டித்து, மிதிக்கும் அகலத்தைக் கூட்டினால் 24 வர வேண்டும். நம் அளவில் ஏறக்குறைய 65 சென்டிமீட்டர். இன்றைக்கும் 60 முதல் 65-க்குள் வைத்துக்கொள்கிறார்கள். நம் நாட்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, வீட்டுப் படியின் உயரம் 190 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, மிதி 250-க்குக் குறையக் கூடாது என்கிறது. நம் பக்கத்தில் படிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையில் வர வேண்டும் என்பார்கள்; வலது காலில் தொடங்கி வலது காலில் முடியும். அதையும் வைத்தே கணக்குப் போடலாம். தளத்துக்குத் தளம் 3,150 மில்லிமீட்டர் என்றால், 17 படிக்கு ஒவ்வொன்றும் 185. மிதி 250 வைத்தால் கூட்டுத்தொகை 620. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் 19 படி; உயரம் 166 ஆகக் குறையும், மிதியை 280 ஆக்கலாம், கூட்டுத்தொகை 612. இதற்கு நீளவாக்கில் ஒரு மீட்டர் இடம் கூடுதலாக வேண்டும். இடித்துக் கட்டுவதென்றால் அந்த ஒரு மீட்டரைக் கண்டுபிடிக்க முயற்சி செய்யுங்கள். முழங்கால் வலிக்காரர்களுக்கு அதைவிடப் பெரிய உபகாரம் கிடையாது.

படியின் உயரம் எவ்வளவு என்பதைவிட முக்கியம், அது மாறாமல் இருப்பது. ஏறும்போது முதல் இரண்டு மூன்று படிகளைத்தான் கண் பார்க்கிறது. அதற்குப் பிறகு கால் தானாகவே அதே உயரத்துக்குத் தூக்கி வைக்கிறது. படியின் விளிம்புக்கும் கால் விரலுக்கும் நடுவே அது விட்டுவைக்கும் இடைவெளி மிகக் கொஞ்சம். நியூயார்க்கின் புருக்ளினில் ஒரு சுரங்க ரயில் நிலையத்தில், ஒரே ஒரு படி மற்றவற்றைவிடக் கொஞ்சம் உயரமாக அமைந்துவிட்டது. அங்கே ஆட்கள் ஒருவர்பின் ஒருவராகத் தடுக்குவதை ஒருவர் 2012-இல் படம் பிடித்து வெளியிட, ரயில் நிர்வாகம் படிக்கட்டைச் சரிசெய்தது. இப்படித் தடுக்குகிறவருக்குப் படியில் குறை இருப்பதாகப் பெரும்பாலும் தோன்றாது. தன் கவனக்குறைவு என்றே நினைத்துப் போய்விடுவார். இறங்கும்போது ஆபத்து இன்னும் அதிகம். பாதம் தரையைத் தொடப்போகும் கணத்தை உடல் முன்கூட்டியே கணித்துத் தசைகளை இறுக்கி வைக்கிறது. படி இரண்டு சென்டிமீட்டர் கீழே இருந்தால் அந்தக் கணிப்பு பொய்க்கிறது, முழு எடையும் முன்னால் சாய்கிறது. உலகில் வருடத்துக்குச் சுமார் 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. 60 வயதைத் தாண்டியவர்களே அதில் அதிகம்.

நல்ல படிக்கட்டைக்கூட டைல்ஸ் ஒட்டும் நாளில் கெடுத்துவிட முடியும். பத்து மில்லிமீட்டர் டைல்ஸ், அதற்கு அடியில் 25 மில்லிமீட்டர் சிமெண்ட் படுகை, ஆக 35. எல்லாப் படிகளும் ஒன்றுபோல 35 உயர்ந்தால் நடுவில் உள்ள படிகளுக்கு ஒரு வித்தியாசமும் வராது. ஆனால் கீழே தரை உயரவில்லை. மேலே மொட்டை மாடித் தளமும் உயரவில்லை. முதல் படி 185-லிருந்து 220 ஆகிவிடும். கடைசிப் படி 150 ஆகக் குறைந்துவிடும். ஆட்கள் இடறி விழும் இடங்களில் முதல் சில படிகளும் கடைசிச் சில படிகளும்தான் முன்னால் நிற்கின்றன. அங்கேயே கொண்டுபோய் இந்த வித்தியாசத்தை வைக்கிறோம். வாசலைச் சிமெண்ட் போட்டு உயர்த்துவதும் இதே வேலையை எதிர்த்திசையில் செய்கிறது. மேஸ்திரியிடம் சொல்ல வேண்டியது இதுதான்: கரடுமுரடான கான்கிரீட்டில் அளக்காமல், கீழ்த்தரையின் முடிந்த மட்டத்திலிருந்து மேல்தளத்தின் முடிந்த மட்டம்வரை அளந்து, அதைப் படிகளின் எண்ணிக்கையால் வகுத்து, சுவரில் ஒவ்வொரு படிக்கும் கோடு போட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, படுகைக்குப் பதில் மெல்லிய பசைக்கலவையில் ஒட்டினால் உயர்வும் பாதிக்கு மேல் குறையும்.

டைல்ஸோ கல்லோ, பளபளப்பு வேண்டாம். ஈரமான வழுவழுப்பான பரப்பில் பாதத்துக்கும் கல்லுக்கும் நடுவே நீர்ப்படலம் மாட்டிக்கொள்கிறது. வெளியேற வழியில்லாததால் பாதம் நீரின்மேல்தான் நிற்கிறது. சொரசொரப்பான பரப்பின் மேடுகள் படலத்தைத் துளைத்துப் பாதத்தைத் தொடுகின்றன. இங்கே மழை பெய்யாத விடியற்காலையிலும் உப்பு இழுத்த ஈரத்தில் படி பிசுபிசுவென்று இருக்கும். கடையில் 'ஆன்டி-ஸ்கிட்' என்று சொன்னால் போதாது, ஆர் 11 தரமா என்று கேளுங்கள். எண்ணெய் ஊற்றிய சாய்தளத்தில் ஆளை நடக்கவிட்டு, எத்தனை டிகிரி சாய்வுவரை வழுக்காமல் நிற்கிறார் என்று பார்த்துக் கொடுக்கிற ஜெர்மன் தரம் அது. ஆர் 11 என்றால் 19 முதல் 27 டிகிரி. கல் என்றால் தீயால் சுட்டுச் சொரசொரப்பாக்கிய கிரானைட் நல்லது. கறுப்பு மட்டும் வேண்டாம். சித்திரை மத்தியானத்தில் வெறுங்காலோடு வற்றல் எடுக்க மாடிக்குப் போகிறவர்களைக் கேட்டால் காரணம் சொல்வார்கள். ஒவ்வொரு படியின் விளிம்பிலும் வேறு நிறத்தில் ஒரு பட்டை ஓட வேண்டும். இறங்கும்போது கண் தேடுவது அதைத்தான். மிதி வெளிப்பக்கமாக லேசாகச் சாய்ந்திருக்கட்டும். படிக்கட்டின் பக்க ஓரத்துக்கு அடியில் ஒரு சின்னக் காடி எடுத்துவிட்டால், வழியும் தண்ணீர் அங்கேயே சொட்டி விழும். அடிப்பக்கம்வரை ஊர்ந்து போகாது.

கைப்பிடிக்கு வருவோம். 'எஸ்.எஸ்.' என்ற பெயரில் விற்பவற்றில் குறைந்தது மூன்று தரம் உண்டு. 202 மலிவு, நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்தது. 304 நம் சமையல் பாத்திரத் தரம். 316-இல் இரண்டு, மூன்று சதவீதம் மாலிப்டினம் இருக்கிறது. குளோரைடு படலத்தைக் குத்தாமல் தடுப்பதில் அதற்குப் பெரும்பங்கு. காந்தம் ஒட்டவில்லை, ஆகவே நல்ல ஸ்டீல் என்று கடையில் காட்டுவார்கள். 202-லும் காந்தம் ஒட்டாது, 304-லும் ஒட்டாது. அந்தச் சோதனையால் இரண்டையும் பிரிக்க முடியாது. பில்லில் தர எண்ணை எழுதி வாங்குங்கள். இந்தக் காற்றில் 304-ம் ஒரு வருடத்துக்குள் பழுப்புப் புள்ளிகள் காட்டக்கூடும். அவை முதலில் வருவது குழாயின் அடிவளைவில். காரணம் மேலே சொன்னதுதான், மழை அங்கே கழுவாது. மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் அந்த அடிவளைவைத் துடைப்பது, எந்த பாலிஷையும்விட அதிகம் காக்கும். உயரம் சுமார் ஒரு மீட்டர், பிடிக்கும் குழாயின் விட்டம் நாலு, ஐந்து சென்டிமீட்டருக்குள், செங்குத்துக் கம்பிகளின் இடைவெளி குழந்தையின் தலை நுழையாதபடி பத்து சென்டிமீட்டருக்குக் கீழே. சுவர்ப் பக்கமும் ஒரு கைப்பிடி வையுங்கள். ஏறுகிறவரும் இறங்குகிறவரும் எதிரெதிரே வரும்போது ஒருவர் பிடியை விட வேண்டியிருக்காது.

வேலையைத் தை, மாசியில் வைத்துக்கொள்வது நல்லது. மழை ஓய்ந்திருக்கும், அக்னி வெயில் வந்திருக்காது. சிமெண்டில் எரிசாம்பலோ உலைக்கசடோ கலந்த வகையை வாங்குங்கள். அதன் நுண்துளைகள் நெருக்கமானவை, உலைக்கசடு குளோரைடைப் பிடித்தும் வைத்துக்கொள்ளும். ஆனால் அது மெதுவாக இறுகும். அதனால் தண்ணீர் காட்டும் காலத்தை 14 நாள்வரை நீட்ட வேண்டும், அதற்கும் நல்ல தண்ணீர்தான் வேண்டும். படிகளின்மேல் சணல் சாக்கை விரித்து நனைத்துக்கொண்டே இருக்கலாம். அடிப்பக்கத்தில் சாக்கு நிற்காது. அங்கே ஈரத்தைப் பிடித்து வைப்பது சென்ட்ரிங் பலகைதான். வேறு வீட்டுக்குப் பலகை வேண்டும் என்று ஒரு வாரத்தில் பிரிக்க வருவார்கள். வாடகையைக் கூடுதலாகக் கொடுத்தாவது இரண்டு வாரம் பலகையையும் முட்டுகளையும் அப்படியே வைத்திருக்கச் சொல்லுங்கள். டைல்ஸ் கடைக்குப் போக அந்த இரண்டு வாரம் தாராளமாகப் போதும்.